ஏழரை நிமிடம்... 32 இலக்க விடை! அப்பா பேச்சைக் கேட்காத கணக்குப் புலியின் கதை

1-லிருந்து 1,000 வரை எல்லா எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணையும் பத்து முறை எழுதிப் பெருக்குங்கள். அதாவது, 10-ம் அடுக்கு. வந்த ஆயிரம் விடைகளையும் கூட்டுங்கள். எவ்வளவு வரும்?

மொபைல் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினால் கட்டைவிரல் தேய்ந்துவிடும். ஆனால், 300 வருடங்களுக்கு முன்பு ஒரு மனிதர் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் பாதியிலேயே இதை முடித்துவிட்டதாக எழுதிவைத்தார். பெயர், ஜேக்கப் பெர்னோலி.

அப்பா போட்ட ரூட் வேறு!

1655-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் பிறந்தவர் ஜேக்கப். நறுமணப் பொருள் வியாபாரம் செய்த வசதியான குடும்பம். அப்பாவுக்கு ஒரே ஆசைதான்... பையன் இறையியல் படித்து, சர்ச்சில் மரியாதையான வேலைக்குப் போக வேண்டும்.

நம்ம வீடுகளில் இன்ஜினீயரிங் சீட் பஞ்சாயத்து நடக்குமே, கிட்டத்தட்ட அதேதான். ஜேக்கப் நேருக்கு நேர் சண்டை போடவில்லை. அப்பா சொன்ன தத்துவத்தையும் இறையியலையும் படித்துப் பட்டம் வாங்கினார். கூடவே கணிதத்தையும் வானியலையும் அப்பாவுக்குப் பிடிக்காதபோதும் விடாமல் படித்தார்.

1676-ல் பட்டம் கையில் வந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஜெனீவாவில் டியூஷன் வாத்தியார் வேலை. அங்கே பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். பிறகு பிரான்ஸ், நெதர்லாந்து, இங்கிலாந்து என்று சுற்றி, அந்தக் காலத்தின் பெரிய அறிஞர்களைச் சந்தித்தார். ஊர் திரும்பியபோது சர்ச் வேலை தயாராக இருந்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு, பாசெல் பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் பாடம் எடுக்கப் போனார். 1687-ல் அங்கேயே கணிதப் பேராசிரியர். சாகும்வரை அதே நாற்காலிதான்.

தம்பிக்கு வாத்தியார்... பிறகு எதிரி!

ஜேக்கப்பைவிட 12 வயது சின்னவர் தம்பி ஜோஹன். அவரை வியாபாரத்தில் இறக்கப் பார்த்தார் அப்பா. சரிப்படவில்லை. மருத்துவம் படிக்க அனுப்பினார். ஜோஹனோ மருத்துவம் படித்துக்கொண்டே அண்ணனிடம் கணிதம் கற்றார். அப்போதுதான் லைப்னிட்ஸ் வெளியிட்டிருந்த நுண்கணிதம் பலருக்கும் புரியாத புதிராக இருந்தது. அதை அண்ணனும் தம்பியும் சேர்ந்து உடைத்தார்கள்.

ஆனால், தம்பி வளர வளர உறவு கசந்தது. யார் பெரியவர் என்ற போட்டி வீட்டோடு நிற்கவில்லை. ஆய்விதழ்களில் ஒருவருக்கொருவர் சவால் கணக்குகள் விட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் விடையில் குற்றம் கண்டுபிடித்தார்கள். ஊரே பார்க்க நடந்த சண்டை கடைசிவரை தீரவில்லை.

நீங்களே போட்டுப் பாருங்க!

இப்போது அந்த ராட்சசக் கணக்குக்கு வருவோம். முழு விடை இருக்கட்டும்... அதன் கடைசி இலக்கம் என்ன? வங்கித் தேர்வு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வகைக் கேள்வி நல்ல பழக்கம். ரஃப் ஷீட்டில் நாலு வரி போதும்.

பெருக்கலில் கடைசி இலக்கத்தை முடிவு செய்வது கடைசி இலக்கங்கள் மட்டும்தான். 2-ன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடியும். அப்புறம் மறுபடியும் 2, 4, 8, 6. நாலுக்கு ஒரு சுற்று. 10-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. சுற்றில் இரண்டாவது இடம், 4. ஆக, 2-ன் 10-ம் அடுக்கு 4-ல் முடியும். அது 1,024 என்பது உங்களுக்கே தெரியும். 12, 22, 992 எல்லாவற்றுக்கும் இதே 4-தான்.

இப்படியே 1 முதல் 10 வரை பார்த்தால் கடைசி இலக்கங்கள்: 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1, 0. கூட்டினால் 45. 1,000 வரை இப்படி நூறு பத்துகள் இருக்கின்றன. 45-ஐ 100-ஆல் பெருக்கினால் 4,500. கடைசி இலக்கம் பூஜ்ஜியம். அவ்வளவுதான், முடிந்தது!

முழு விடைக்கு என்ன செய்தார்?

ஜேக்கப் கடைசி இலக்கத்தோடு நிற்கவில்லை, முழு விடையையும் பிடித்தார். 1 முதல் ஏதோ ஓர் எண் வரை கூட்டுவதற்குப் பள்ளிக்கூடத்திலேயே சூத்திரம் படித்திருப்போம். வர்க்கங்களின் கூடுதலுக்கு ஒன்று, கனங்களின் கூடுதலுக்கு ஒன்று. ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஃபால்ஹாபர் என்பவர் 17-ம் அடுக்குவரை போயிருந்தார். பிரெஞ்சு வானியலாளர் ஒருவர் முதல் ஆறு அடுக்குகளுக்கே பெரிய புத்தகம் எழுதியிருந்தார்.

ஜேக்கப் அந்தச் சூத்திரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே எண் வரிசை ஒளிந்திருந்தது. 1/6, -1/30, 1/42, -1/30, 5/66 என்று போகும் வரிசை. அது கையில் இருந்தால் எந்த அடுக்குக்கும் சூத்திரம் தயார். இன்று அவற்றுக்குப் பெயர், பெர்னோலி எண்கள்.

10-ம் அடுக்குக்கான சூத்திரத்தில் ஏழே ஏழு உறுப்புகள். அவர் 1,000-ஐத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு வசதி இருக்கிறது. 1,000-ன் அடுக்குகள் எல்லாமே 1-க்குப் பின்னால் பூஜ்ஜியங்கள்தான். சின்னச் சின்ன எண்களால் வகுக்க வேண்டும், பிறகு கூட்டிக் கழிக்க வேண்டும். ஏழரை நிமிடம் போதாதா என்ன?

விடை: 91409924241424243424241924242500. மொத்தம் 32 இலக்கங்கள். கடைசியில் நாம் கண்டுபிடித்த அதே பூஜ்ஜியம்!

பார்க்காமல் போன புத்தகம்

இந்தக் கணக்கு இருக்கும் புத்தகம், நிகழ்தகவு பற்றியது. ஒரு நாணயத்தை நிறைய தடவை சுண்டச் சுண்ட, தலை விழும் விகிதம் பாதியை நெருங்கிக்கொண்டே போகும் என்பது நமக்கு இன்று சாதாரணமாகத் தெரியும். ஆனால், அதைக் கணிதமாக முதலில் நிரூபித்தவர் ஜேக்கப். அந்த ஒரு நிரூபணத்தை 20 வருடம் மனதில் வைத்திருந்தார். இன்றைய இன்ஷூரன்ஸ் பிரீமியமும் தேர்தல் கருத்துக்கணிப்பும் நிற்பது அதன்மேல்தான்.

1705 ஆகஸ்ட் 16. புத்தகத்தின் கடைசிப் பகுதி முடியாமலே, 50 வயதில் ஜேக்கப் இறந்துபோனார். அவருடைய பேராசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், அதே தம்பி ஜோஹன். புத்தகம் அச்சானது 1713-ல், எட்டு வருடங்கள் கழித்து. அதற்கு முன்னுரை எழுதியவர் இன்னொரு தம்பியின் மகன் நிக்கோலஸ்.

கல்லறை விஷயத்திலும் அவருக்கு ஒரு சோகம். எவ்வளவு பெரிதானாலும் வடிவம் மாறாத ஒரு சுருள்கோட்டின்மேல் ஜேக்கப்புக்குக் காதல். அதைத் தன் கல்லறையில் செதுக்கச் சொல்லியிருந்தார். சிற்பி செதுக்கியது வேறு சுருள். பாசெல் பேராலயத்தில் அந்தத் தப்பான சுருள் இன்றும் இருக்கிறது.

ஆனால், அவர் கண்டுபிடித்த எண்கள் தப்பவில்லை. ஜப்பானில் செகி தகாகசு என்ற மேதையும் தனியாக அதே எண்களைக் கண்டுபிடித்தார். அவருடைய புத்தகமும் அவர் இறந்த பிறகுதான், 1712-ல் வந்தது. 1843-ல் அடா லவ்லேஸ் ஒரு கணக்கிடும் இயந்திரத்துக்கான செயல்முறையை எழுதினார். உலகின் முதல் கணினி நிரல் என்று பலரும் கொண்டாடும் அந்தச் செயல்முறை கணக்கிடவிருந்தது பெர்னோலி எண்களைத்தான்.

அடுத்த தடவை தேர்வில் ஒரு பூதம் மாதிரி கணக்கு வந்தால் பயந்துவிடாதீர்கள். பெருக்க ஆரம்பிப்பதற்கு முன் முதல் நாலு விடைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எங்கே திரும்ப வருகிறது என்று தேடுங்கள். ஜேக்கப் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான்.