நோயோடு போராடி இசை தந்த மேதை ஷூமன்

1854-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் டுசல்டார்ப் நகரம். அன்று ஊரெங்கும் திருவிழா. மழையையும் பொருட்படுத்தாமல் மக்கள் மாறுவேடம் போட்டுக்கொண்டு வீதிகளில் திரிந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, வீட்டில் அணியும் அங்கியோடு ஒருவர் நடந்து போனார். நதியின் மீது படகுகளை வரிசையாக இணைத்து ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். அதைக் கடக்கச் சுங்கம் செலுத்தவேண்டும். அவரிடம் காசு இல்லை. தம் கைக்குட்டையை ஈடாகக் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நடந்தார். சிறிது தூரம் போனதும் ஆற்றில் குதித்துவிட்டார்.

படகுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். விரைந்து சென்று அவரைக் கரை சேர்த்தார்கள். நனைந்த உடையோடு அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றபோது, வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே பின்னால் வந்தது.

அவர்தான் ராபர்ட் ஷூமன். ஐரோப்பிய இசை உலகின் மாபெரும் மேதைகளில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43.

புத்தகக் கடைக்காரர் மகன்

ஷூமன் 1810-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி சுவிக்காவ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. வீடு நிறையப் புத்தகங்கள். மகன் கையில் பியானோ.

வாலிபப் பருவத்திலேயே துன்பம் தொடங்கிவிட்டது. மனநலம் குன்றியிருந்த அக்காள் எமிலி 1825-ல் இறந்தாள். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். மகனை வக்கீலாக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. சட்டம் படிக்க லைப்சிக் நகருக்குப் போனார் ஷூமன். ஆனால் மனம் முழுவதும் இசையிலேயே இருந்தது. பிரடெரிக் வீக் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பியானோ கற்கச் சேர்ந்தார்.

அதிலும் ஓர் இடி. வலக்கை விரல் ஒன்று சரியாக இயங்க மறுத்தது. மேடையில் வாசிக்கும் கனவு அதோடு முடிந்தது. வாசிக்க முடியாவிட்டால் என்ன, மற்றவர் வாசிக்க இசை எழுதுகிறேன் என்று முடிவு செய்தார்.

முதல் தாக்குதல்

1833-ம் ஆண்டு அண்ணன் ஒருவரும் அண்ணி ஒருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் ஷூமனின் மனம் நிலைகுலைந்தது. அறிவு பேதலித்துவிடுமோ என்ற பயம் ஓர் இரவு முழுவதும் அவரை ஆட்டிப் படைத்தது. அப்போது அவர் உயரமான மாடி அறையில் குடியிருந்தார். அங்கே இருப்பதே ஆபத்து என்று உணர்ந்து, கீழ்மாடிக்கு மாறிக்கொண்டார். தனியாகத் தூங்கவும் அஞ்சி, நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அந்தப் பயம் சாகும்வரை அவரை விடவில்லை. ஆனாலும் அவர் முடங்கிவிடவில்லை. மறு ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைப் பத்திரிகை தொடங்கினார். பத்து ஆண்டுகள் அதைத் தாமே நடத்தினார்.

கோர்ட்டுக்குப் போன காதல்

ஆசிரியர் வீக்கின் மகள் கிளாரா. சிறு வயதிலேயே பியானோவில் பெரும் புகழ் பெற்றவள். அவளுக்கும் ஷூமனுக்கும் காதல் மலர்ந்தது. தந்தை கொதித்தெழுந்தார். ஷூமன் குடிகாரர், குடும்பம் நடத்தத் தகுதியற்றவர் என்று பழி சுமத்தினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு காதலர் பக்கம். 1840-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி, கிளாராவின் 21-வது பிறந்த நாளுக்கு முந்தைய தினம், திருமணம் நடந்தது.

அந்த ஒரே ஆண்டில் ஷூமன் 130-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் தமது முதல் சிம்பொனியின் வரைவை நான்கே நாளில் எழுதி முடித்தார்.

இருண்ட காலம்

மேதைக்கும் பைத்தியத்துக்கும் தூரம் அதிகமில்லை என்று சிலர் பேசுவதுண்டு. நோய்தான் அவருக்கு இசையைக் கொடுத்தது என்றும் எழுதிவிட்டார்கள். ஷூமனின் வாழ்க்கையை நாள்வாரியாகப் பார்த்தால் கதை வேறு.

1844-ல் மனைவியின் கச்சேரிகளுக்காக ரஷ்யாவுக்குப் போய்வந்த பிறகு நோய் கடுமையாகத் தாக்கியது. தூக்கம் போனது. உடல் நடுங்கியது. உயரமான இடத்தைக் கண்டால் பயம். சாவி போன்ற உலோகப் பொருளைத் தொடப் பயம். மருந்தைக் கண்டால் விஷமோ என்ற சந்தேகம். இசையைக் கேட்பதே வேதனையாக இருந்தது. அந்த மாதங்களில் அவரால் இசை எழுத முடியவில்லை. நோய் ஓங்கியபோது பேனா ஓய்ந்தது. நோய் தணிந்தபோதுதான் பேனா ஓடியது.

குடும்பத்தோடு டிரெஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மெதுவாக எழுந்து நின்றார். 1845-ல் மனைவியோடு உட்கார்ந்து, பழைய மேதை பாக்கின் இசை நுணுக்கங்களைப் பள்ளி மாணவனைப் போலத் திரும்பப் படித்தார். தினமும் கொஞ்சம் வேலை. அந்தப் பயிற்சியே அவருக்கு ஊன்றுகோல் ஆயிற்று. ஆண்டு முடிவில் இரண்டாவது சிம்பொனியைத் தொடங்கினார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வீட்டுக் கணக்கு நோட்டு. ஒரு குமாஸ்தாவைப் போல வரவு செலவை ஒழுங்காக எழுதுவார். அதிலேயே அன்று எழுதிய இசை, உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் ஒரிரு சொற்களில் குறித்துவைப்பார். அவர் நோயின் ஏற்ற இறக்கத்தை இன்று நாம் அறிய அந்த நோட்டுகளும் உதவுகின்றன.

காதில் ஒலித்த ஸ்வரம்

1850-ல் டுசல்டார்ப் நகரின் இசை இயக்குநர் பதவி கிடைத்தது. அங்கேதான் ரைன் நதியின் பெயரால் வழங்கும் சிம்பொனியை எழுதினார். ஆனால் வாத்தியக் குழுவை நடத்திச் செல்ல அவரால் முடியவில்லை. 1853-ல் பதவி கைநழுவியது.

1854 பிப்ரவரியில் அவர் காதில் ஒரே ஒரு ஸ்வரம் இடைவிடாமல் ஒலிக்கத் தொடங்கியது, தம்புராவின் சுருதி போல. பிறகு அது இனிய இசையாக மாறியது. தேவதைகள் பாடுவதாக எண்ணி, ஓர் இரவு எழுந்து அதை எழுதி வைத்தார். மறுநாளே தேவதைகள் போய், புலிகளும் கழுதைப்புலிகளும் தாக்க வருவதுபோன்ற பயங்கரம் சூழ்ந்தது.

அந்த நிலையிலும், எழுதிவைத்த மெட்டை விரித்துப் பியானோ இசையாக எழுதிக்கொண்டிருந்தார். வீட்டாருக்குத் தம்மால் தீங்கு நேர்ந்துவிடக் கூடாது என்று அஞ்சி, தம்மை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பும்படி அவரே கேட்டுக்கொண்டார். அடுத்த நாள், அவருக்குக் காவலாக இருந்த 12 வயது மகள் மேரியின் கண்ணில் படாமல் வெளியேறிவிட்டார். அப்போதுதான் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்ட பிறகு அதே இசையை எழுதி முடித்தார். அதுவே அவருடைய கடைசிப் படைப்புகளில் ஒன்று.

இரண்டு ஆண்டுகள்

மார்ச் 4-ந்தேதி, பான் நகருக்கு அருகே எண்டனிக் என்ற இடத்தில் டாக்டர் ரிச்சார்ஸ் நடத்திய மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் 6 குழந்தைகள். கிளாராவின் வயிற்றில் இன்னொன்று.

நண்பர்கள் பண உதவி செய்ய முன்வந்தார்கள். கிளாரா ஏற்கவில்லை. குழந்தை பிறந்த சில மாதங்களில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஷூமன் உலகுக்கு அறிமுகப்படுத்திய இளைஞர் பிராம்ஸ், வீட்டுக்குத் துணையாக நின்றார். ஷூமன் எழுதிவந்த கணக்கு நோட்டை இப்போது அவர் எழுதினார். மருத்துவமனைக்குப் போய் ஷூமனையும் பார்த்துவந்தார். அங்கே ஷூமன் பூகோளப் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் எழுதிக்கொண்டிருப்பார்.

1856 ஜூலை 27-ந்தேதி, முடிவு நெருங்கிவிட்டது என்ற நிலையில்தான் கிளாரா கணவரைக் கண்டார். பேச்சு தெளிவாக இல்லை. ஆனால் அவர் மனைவியை அடையாளம் கண்டுகொண்டார். பெருமுயற்சியோடு கையைத் தூக்கி அணைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 29-ந்தேதி, ஷூமன் காலமானார். வயது 46.

மறைத்து வைத்த இசை

ஷூமனின் கடைசிக் காலத்துப் படைப்புகளில் நோயின் சாயல் தெரிந்துவிடுமோ என்று கிளாராவே அஞ்சினார். வயலினுக்காக 1853-ல் எழுதிய பெரும் படைப்பு ஒன்று 1937 வரை அரங்கேறவில்லை. பெட்டியில் உறங்கியது. ஆற்றில் குதிப்பதற்கு முன் எழுதிய பியானோ இசை 1939-ல்தான் அச்சானது. செல்லோ வாத்தியத்துக்காக எழுதிய சில படைப்புகளைக் கிளாரா அழித்தே விட்டார். கணவரின் பெயரைக் காக்க நினைத்து அவர் செய்த காரியம் அது. அந்த இசை இனி யாருக்கும் கிடைக்காது.

அவருக்கு என்ன நோய் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பெரும் உற்சாகமும் பெரும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் என்கிறார்கள் சிலர். மேகநோய் மூளையைத் தாக்கியது என்கிறார்கள் வேறு சிலர். எதுவானாலும், அந்தக் காலத்தில் அதைத் தணிக்கச் சரியான மருந்து இல்லை. இன்று இரண்டுக்குமே சிகிச்சை இருக்கிறது.

எண்டனிக் மருத்துவமனைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அவர் நினைவில்லமாகவும் இசை நூலகமாகவும் அது விளங்குகிறது. ஊரார் முணுமுணுத்துக்கொண்டு கடந்துபோன வாசலில் இப்போது இசை படிக்கும் பிள்ளைகள் நுழைகிறார்கள்.

பெற்ற பிள்ளைக்கோ உடன்பிறந்தவனுக்கோ மனம் சரியில்லை என்றால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே நிறைய. தமக்கு நோய் என்பதைத் தாமே உணர்ந்து, சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார் ஷூமன். அவர் எழுதிய எந்த இசைக்கும் குறையாத துணிச்சல் அதற்கு வேண்டியிருந்தது.