கர்னல் மெக்கன்சியும் செஞ்சிச் சரித்திரமும்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் செஞ்சிக்கோட்டைக்குப் புதியதொரு கௌரவம் கிட்டிற்று. மராட்டியரின் ராணுவ அரண்கள் என்னும் தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் இணைத்து வளைந்து செல்லும் அந்த மதில்களைப் பார்த்துத் தமிழர் பெருமைப்படுவது நியாயமே. ஆயினும், பெருமைப்படுகிற வேளையில் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். செஞ்சியின் கதை நமக்கு எவ்வாறு கிடைத்தது? அதைத் தேடி எழுதி வைத்தவர்கள் யார்? அவர்களுக்கு நேர்ந்த கதி என்ன?

சிவாஜி மகாராஜா 1677-ல் செஞ்சியைக் கைக்கொண்டதையும், ராஜாராம் அங்கிருந்துகொண்டு மொகலாயப் படைகளை 1698 வரையில் எதிர்த்து நின்றதையும், ராஜா தேசிங்கு 1714-ல் போர்க்களத்தில் மாண்டதையும் நம் நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் அதற்கும் முற்பட்ட காலத்தில், ஆனந்தக் கோன் என்னும் ஆயர்குலத் தலைவன் மலைமீது அரண் அமைத்தான் என்பதும், கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி விளங்கிற்று என்பதும் எங்கிருந்து தெரியவந்தன? நாராயணன் என்பவர் 1803-ல் எழுதி முடித்த கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்னும் தமிழ்ச் சுவடியே அவற்றைச் சொல்கிறது. ராவ் பகதூர் சி. எஸ். ஸ்ரீநிவாஸாசாரியார் செஞ்சியின் சரித்திரத்தை ஆராய்ந்து எழுதி, 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டபோது, இச்சுவடி அவருக்குப் பெருந்துணையாயிற்று. அது ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷங்கள் அழியாமல் கிடந்தது எந்த அரசரின் பண்டாரத்திலும் அன்று. கர்னல் காலின் மெக்கன்சி என்ற ஒரு ஸ்காட்லாந்துக்காரர் திரட்டிய சுவடிக் குவியலில் அது கிடந்தது.

மெக்கன்சி 1754-ல் ஸ்காட்லாந்துக்கு மேற்கேயுள்ள லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் சுங்கச் சாவடியில் உத்தியோகம் பார்த்தார். கணித சாஸ்திரத்தில் அவருக்கு அளவிறந்த பற்று. ஹிந்துக்களின் கணித ஞானத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பிரபுவின் பழக்கம் அவருடைய மனத்தை இந்தியாவின் பக்கம் திருப்பிற்று. 1783-ல் கும்பினியின் படையில் சேர்ந்து சென்னையில் வந்திறங்கினார். சிறிது காலத்தில் மதுரைக்குச் சென்று, அங்கிருந்த பண்டிதர்களுடன் சம்பாஷிக்கும் வாய்ப்பைப் பெற்றார். இந்நாட்டின் பழைய அறிவைத் தேடித் திரட்ட வேண்டும் என்னும் ஆசை அவர் உள்ளத்தில் வேரூன்றியது மதுரையிலேதான்.

ஆனால் ஆசைக்கும் அவகாசத்துக்கும் வெகுதூரம் இருந்தது. மைசூர் யுத்தங்களில் எஞ்சினீயராக அவர் அலைந்து திரிந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் ராஜ்யம் முழுவதையும் அளந்து படம் வரையும் வேலை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பூமியை அளப்பதோடு, ஜனங்கள், பயிர், நீர்நிலை, கோயில், சாஸனம், வம்சாவளி ஆகிய யாவற்றையும் விசாரித்து எழுத வேண்டும் என்பது அவருடைய திட்டம். வேலை தொடங்கிய சில காலத்துக்குள்ளாகவே இங்கிலாந்திலிருந்து சிக்கனக் கட்டளை வந்தது. சர்வேக்கென்று வகுத்த தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. வரி வசூலுக்கும் படை நடத்துவதற்கும் உதவுகிற தேசப்படம் கும்பினிக்கு வேண்டியிருந்தது. அந்தப் படத்துக்குள் வாழும் மனிதருடைய சரித்திரத்துக்குப் பணம் செலவிட அது விரும்பவில்லை. படம் உத்தியோகமாயிற்று, சரித்திரம் மெக்கன்சியின் சொந்த விருப்பம் என்று ஒதுக்கப்பட்டது.

அவர் பின்வாங்கவில்லை. தம்முடைய சம்பளத்திலிருந்தே ஆட்களை அமர்த்தினார். ஈண்டு நாம் மறக்கலாகாத ஓர் உண்மை உண்டு. மெக்கன்சி துரைக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது, ஸம்ஸ்கிருதமும் தெரியாது. ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரய்யா என்னும் இளைஞரே அவருக்குக் கண்ணும் நாவுமாக அமைந்தார். போரய்யா பல பாஷைகள் கற்றவர். பழைய கன்னட லிபியிற் பொறித்த சாஸனங்களை வாசிக்கும் வழியைக் கண்டவர். 1803-ல், முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே, அவர் காலமானார். இந்திய அறிவின் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டவர் போரய்யாவே என்று மெக்கன்சி பின்னாளில் மனமாரச் சொன்னதுண்டு. தமையன் விட்ட வேலையைத் தம்பி லக்ஷ்மய்யா ஏற்றுக்கொண்டார். இன்னொரு சகோதரர் ராமஸ்வாமியும் உடன் உழைத்தார். ஜைன பண்டிதர் தர்மய்யா, தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்ற அப்பாவு முதலியோரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள்.

இவர்களுடைய வேலை எளிதன்று. ஓர் ஊருக்குட் சென்று, மானியச் சாஸனம் எங்கே, வம்சாவளி எங்கே என்று கேட்டால், வரி போடவோ நிலத்தைப் பிடுங்கவோ சர்க்கார் ஆள் வந்துவிட்டான் என்று ஜனங்கள் அஞ்சுவது இயல்பு. சுவடியை மறைப்பார்கள், கல்லெழுத்தைக் காட்ட மறுப்பார்கள். காவலி சகோதரர்களும் அவர்களுடைய தோழர்களும் நயமாகப் பேசி, பல நாள் தங்கி, நம்பிக்கையைச் சம்பாதித்து, ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள். ஏடு இல்லாத இடத்தில் முதியோர் வாய்மொழியை எழுதிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. பல வருஷத்து அநுபவத்தால் வருவது. அதைப் பணம் கொடுத்துக் காப்பாற்றலாம். ஒருமுறை கலைத்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க முடியாது.

மெக்கன்சி 1810-ல் சென்னை ராஜதானியின் சர்வேயர் ஜெனரலானார். அடுத்த வருஷமே ஜாவாப் படையெடுப்புக்கு அனுப்பப்பட்டார். 1815-ல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக நியமனம் பெற்று, 1817-ல் சேகரங்களோடும் சிப்பந்திகளோடும் கல்கத்தா சென்றார். தெற்கே சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்தி நூலாக எழுத வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். உத்தியோகச் சுமை அதற்கு இடந்தரவில்லை. 1821-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி அவர் உயிர் நீத்தார். நூல் எழுதப்படவேயில்லை.

அவர் விட்டுச்சென்றதன் அளவைக் கேட்டால் நேயர்கள் வியப்பார்கள். இலக்கியச் சுவடிகள் 1568; ஊர்க் கதைகளும் வரலாறுகளும் 2070; சாஸனப் பிரதிகள் 8076; நாணயங்கள் 6218; சித்திரங்கள் 2630. இவற்றுக்காக அவர் தம் கையிலிருந்து 15,000 பவுனுக்கு மேல் செலவழித்தார் என்று அவருடைய நண்பர் ஸர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் கணித்தார். அவருடைய விதவையிடமிருந்து கும்பினி சர்க்கார் 10,000 பவுனுக்கு அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

இவ்வளவு தூரம் கேட்டவர்கள், சர்க்கார் தாராள மனத்துடன் நடந்துகொண்டது என்று எண்ணக்கூடும். உண்மையான இழப்பு இதற்குப் பிறகுதான் நேர்ந்தது. சர்க்கார் சுவடிகளை விலைக்கு வாங்கிற்று. சுவடிகளை வாசிக்கத் தெரிந்த மனிதர்களை வைத்துக்கொள்ளவில்லை. ஜாபிதா தயாரிக்கும் பொறுப்பு ஹொரேஸ் வில்ஸனிடம் விடப்பட்டது. அவர் ஸம்ஸ்கிருதத்தில் பெரும்புலவர். ஆனால் தென்னாட்டுப் பாஷைகளை அறியார். லக்ஷ்மய்யா முதலியோரின் உதவியைக் கொண்டும், மொழிபெயர்ப்புகளைக் கொண்டும் 1828-ல் அவர் ஜாபிதாவை வெளியிட்டார். மெக்கன்சி இருபது வருஷம் பழக்கிய கூட்டம் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. சேகரத்தில் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறிற்று. ஒரு பகுதி கல்கத்தாவிலே நின்றது. தென்னாட்டுப் பாஷைச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. ஒரே உடம்பாக இருந்தது மூன்று துண்டாயிற்று.

லக்ஷ்மய்யா சோர்ந்துவிடவில்லை. சென்னைக்கு வந்து, 1830-களில் ஹிந்து இலக்கியச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். மெக்கன்சி நிறுத்திய இடத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடர அநுமதியும் உதவியும் வேண்டும் என்று சர்க்காருக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். விண்ணப்பம் கல்கத்தாவிலிருந்த ஆசியச் சங்கத்தின் அபிப்பிராயத்துக்கு அனுப்பப்பட்டது. அச்சங்கத்தின் காரியதரிசி ஜேம்ஸ் பிரின்ஸெப். மறு வருஷமே அசோகனுடைய பிராமி லிபியை வாசித்து உலகப் புகழ் பெற்ற மேதை. அப்பேர்ப்பட்டவர் அங்கம் வகித்த சங்கம், 1836-ல் லக்ஷ்மய்யாவுக்கு அத்தகுதி இல்லையென்று தள்ளியதோடு நில்லாமல், இந்தியர் எவருக்குமே அத்தகுதி இராது என்னும்படியாகவும் கருத்துரைத்தது. சுவடிகளைத் தேடியவரும், படித்தவரும், பொருள் சொன்னவரும் இந்தியரே. ஆராய்ச்சியை நடத்தும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை!

வேலை வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. அவர் பெட்டிகளைத் திறந்தபோது, பூச்சி அரித்த காகிதங்களையும் வெளிறிப்போன மசியையும் கண்டார். எஞ்சியவற்றுட் பலவற்றுக்கு அவசரமாகப் புதுப்பிரதி எடுக்கச் செய்தார். அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கதையை எந்த ஊரில் எந்த முதியவர் சொன்னார், எந்தச் சாஸனம் எந்த மண்டபத்துத் தூணில் இருந்தது என்பவற்றைச் சொல்லக்கூடிய மனிதர்கள் அப்பொழுது அவர் பக்கத்தில் இல்லை. மனிதர்களை விலக்கி மிச்சப்படுத்திய பணம், பூச்சி தின்ற பக்கங்களாகக் கணக்கில் ஏறிற்று.

மெக்கன்சியைத் தேசபக்தராகவோ மகானாகவோ நாம் போற்ற வேண்டியதில்லை. அவர் அளந்த பூமி அந்நியர் ஆளுவதற்கென்று அளக்கப்பட்ட பூமியே. அவர் சேர்த்த அறிவிலும் ஆட்சியின் பயன் கலந்திருந்தது. எனினும், தம் எஜமானர்கள் வீண் என்று கருதியதை வீண் அன்று என அறிந்து, கைப்பொருளைச் செலவிட்டார் என்பது அவருக்குரிய பெருமை. அவருடைய சரித்திரம் காட்டும் குறையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு தேசத்தின் ஆராய்ச்சி ஒரு தனி மனிதரின் பணப்பையை நம்பி நிற்குமானால், அந்த மனிதரின் மூச்சோடு அதுவும் நின்றுவிடும்.

பின்வந்த காலமும் இப்பாடத்தைக் கற்கவில்லை. கன்னிங்ஹாமின் கீழ் 1861-ல் தோன்றிய தொல்பொருள் ஆராய்ச்சி இலாகாவைச் சர்க்கார் 1866-ல் நிறுத்திற்று. 1871-ல் மீண்டும் தொடங்கிற்று. 1889-ல் பர்ஜெஸ் ஓய்வு பெற்றதும் தலைமைப் பதவியை எடுத்துவிட்டது. 1902-ல் மார்ஷலை அழைத்து மறுபடியும் ஏற்படுத்திற்று. 1931-ம் வருஷத்துப் பொருளாதார மந்தத்தில் அகழாய்வுக்குரிய பணத்தில் கைவைத்தது. நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். மறுபடி தொடங்கும்போதோ, பழகிய ஆட்கள் கலைந்து போயிருப்பார்கள். புதியவர்கள் முதற்பாடத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

அக்காலத்தில் அந்நியர் மீது பழி சுமத்த நமக்கு வழியிருந்தது. 1947-க்குப் பிறகு அந்த வழி இல்லை. 2020-21-ம் வருஷக் கணக்குப்படி, இந்தியா தன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கையே ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிட்டது. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலும் 2025-ல் விஞ்ஞான, வைத்திய ஆராய்ச்சி மானியங்கள் பலவற்றை அந்நாட்டு அரசாங்கம் ரத்து செய்தது. ஆகவே இது ஒரு தேசத்துக்கு மட்டும் உரிய வியாதி அன்று. பட்ஜெட்டில் முதலில் வெட்டுவதற்கு எளிதானது ஆராய்ச்சியே. பாலம் கட்டாவிட்டால் ஜனங்கள் கூச்சலிடுவார்கள். சாஸனம் படிக்கும் பண்டிதரை வீட்டுக்கு அனுப்பினால் அந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஐம்பது வருஷம் கழித்துத் தெரியும். அப்பொழுது கேட்பதற்கு ஆள் இராது.

செஞ்சிக் கோட்டைக்கு வருவோரின் தொகை இனிப் பெருகலாம். படிக்கட்டுகளைச் செப்பனிடுவதும் விளக்குப் போடுவதும் அவசியமே. அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உறங்கும் ஏடுகளைப் படிப்பவர்களுக்கும், செஞ்சியைச் சுற்றிய குன்றுகளிலும் கோயில்களிலும் உள்ள கல்லெழுத்துக்களை ஆராய்பவர்களுக்கும், மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இதைச் சட்டசபையிற் கேட்பதும், கேட்கச் செய்வதும் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களின் கடமை. லக்ஷ்மய்யாவின் விண்ணப்பத்தை அந்நிய சர்க்கார் தள்ளிவிட்டது. இன்று அதே விண்ணப்பத்துடன் வாசலில் நிற்கும் இளைஞரை நம் சொந்த சர்க்கார் திருப்பி அனுப்புமானால், கோட்டை நம்முடையதாக இருந்தும் அதன் கதை நம் கையை விட்டுப் போய்விடும்.