நுண்ணுயிர் அறிஞர் ஹாஃப்கின்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்கு, அங்குள்ள இடர் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மண்ணை வாரும் மாபெரும் சக்கரப் பொறியும் ஆழ்ந்த பள்ளமும் தாமே அச்சத்தை ஊட்டும். அந்நகரத்துப் பள்ளி மாணவர் புகும் உயிரியல் ஆய்வுக்கூடத்திலோ நிலை வேறு. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை. அதனுள் சிறிது கலங்கிய நீர். அருகே ஓர் இடுக்கி. இவற்றில் அஞ்சத்தக்கது யாதும் கண்ணுக்குப் புலனாவதில்லை. இவ்வாறு புலனாகாத இடரோடு தம் வாழ்நாளெல்லாம் பழகியவர், பிறர் கையில் நேர்ந்த சிறு பிழைக்காகப் பெரும்பழி சுமந்தவர், வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர்.

இன்று உக்ரேன் நாட்டிலுள்ள ஒடெசா நகரில், யூதக் குடும்பம் ஒன்றில், 1860ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மெச்னிகாவ் என்னும் பேரறிஞரிடம் விலங்கியல் பயின்றார். பின்னர்ப் பாரிஸ் மாநகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை நூலகத்தில்தான். ஓய்ந்த நேரங்களில் ஆய்வு செய்தே வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892இல் அதனை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டு சோதித்தார். அடுத்த ஆண்டு இந்தியா வந்து, கல்கத்தா முதலிய இடங்களில் பல்லாயிரவர்க்கு அம்மருந்தை வழங்கினார்.

1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றிற்று. மக்கள் நகரை விட்டு ஓடினர். அரசினர் ஹாஃப்கினை அழைத்தனர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைவழியுமே அவருக்கு ஆய்வுக்கூடமாக அமைந்தன. பயிற்சி பெற்ற துணைவர் எவரும் இலர். ஊனிலிருந்து காய்ச்சிய சாற்றைக் குடுவைகளில் நிரப்பி, அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றின் அடியில் கிருமிகளை வளர்த்தார். கிருமிகள் மேலிருந்து கீழ்நோக்கி விழுதுகள்போல் தொங்கின. அவ்விழுதுகளே அவை பிளேக்குக் கிருமிகள் என்பதற்கு அடையாளம். நன்கு வளர்ந்தபின் குடுவையை வெப்பத்தில் வைத்து அவற்றைக் கொன்றார். வெப்பம் குறைந்தால் கிருமி சாகாது; மிகுந்தால் மருந்தின் ஆற்றல் கெடும். இவ்வளவு நுண்ணிய கணக்கைப் பிறர் உடலில் சோதிப்பதன்முன், 1897 சனவரி 10ஆம் நாள் தாமே ஊசி ஏற்றுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் பொறுத்துத் தேறினார். 1899இல் ஆய்வுக்கூடம் பரேலிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

1902 அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில், முல்கோவால் என்னும் சிற்றூரில் பலர்க்கு ஊசி குத்தப்பெற்றது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அவர்களுள் 19 பேர் தாடை இறுகி உடல் விறைத்தனர், அனைவரும் இறந்தனர். அது டெட்டனஸ் என்னும் இரணசன்னி. இறந்த யாவரும் 53என் என்னும் எண்ணிட்ட ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர். மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்றவர்க்கு ஒரு தீங்கும் இல்லை.

பழி பரேல் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய வழக்கத்தை விடுத்து, வெப்பத்தையே நம்பியது தவறென விசாரணைக் குழுவினர் கருதினர். ஹாஃப்கின் பதவி இழந்து இங்கிலாந்து சென்றார். ஐந்தாண்டுகள் அப்பழி நீங்கவில்லை.

உண்மையை விளக்கியவை இரண்டு சிறு செய்திகள். புட்டியைத் திறக்கும்போது துணையாள் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதனை முறைப்படி தூய்மை செய்யாமலே மீண்டும் பயன்படுத்தினார். இரணசன்னிக் கிருமியின் உறைவிடம் மண். அதன் வித்துகள் எளிதில் சாவன அல்ல. அடுத்தது, திறந்த புட்டியில் கெட்ட நாற்றம் இருந்ததா என்பது. அக்கிருமி அதனுள் பல நாள் வளர்ந்திருப்பின் நாற்றம் வீசியிருக்கும். திறந்த மருத்துவர் அவ்வாறு எதனையும் உணரவில்லை. ஆகவே நஞ்சு பரேலில் சேர்ந்ததன்று. ஊசி குத்திய இடத்திலேயே சேர்ந்தது. புட்டிதோறும் எண்ணிட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லையேல், தீங்கு எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று தேடவும் வழியிராது. எழுத்துவேலை என்று பலரும் சலித்துக்கொள்ளும் குறிப்பேடு அன்று ஒருவருடைய மானத்தைக் காத்தது.

மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907இல் இலண்டன் நாளிதழில் அவர்பொருட்டு வழக்காடினர். அவ்வாண்டிலேயே அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பெற்றது. எனினும் அவர் உருவாக்கிய பம்பாய் ஆய்வுக்கூடம் அவருக்கு மீளவில்லை. அப்பதவியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். கல்கத்தாவில் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1925இல் பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினர். ஐந்தாண்டு கழித்து, 1930 அக்டோபரில், சுவிட்சர்லாந்து நாட்டு இலொசான் நகரில் அவர் உயிர் நீத்தார்.