சாமுவேல் பிளிம்சால்

சாமுவேல் பிளிம்சால் (பெப்ரவரி 10, 1824 - ஜூன் 3, 1898) இங்கிலாந்தைச் சேர்ந்த அரசியல்வாதியும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றப்படுவதைத் தடுக்க அவற்றின் பக்கவாட்டில் ஒரு கோடு வரையப்பட வேண்டும் என்று போராடி, அதனைச் சட்டமாக்கக் காரணமாக இருந்தவர் இவரே. இக்கோடு இவரது பெயரால் பிளிம்சால் கோடு என அழைக்கப்படுகிறது. மாலுமிகள் இவரைத் தங்கள் நண்பர் என்றே அழைத்தனர்.

இளமைக் காலம்

பிளிம்சால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் பென்ரித் என்னும் ஊருக்கும், அங்கிருந்து செபீல்டு நகருக்கும் குடிபெயர்ந்தது. இளம் வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கிய இவர், வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகவும், அதன் பின் ஒரு மது வடிப்பாலையில் எழுத்தராகவும் பணியாற்றினார். அந்த ஆலையின் மேலாளராகவும் உயர்ந்தார். 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் செபீல்டு நகரின் சார்பில் மதிப்புறு செயலாளராகப் பொறுப்பேற்றார்.

1853 இல் இலண்டனுக்குச் சென்று நிலக்கரி வணிகத்தைத் தொடங்கினார். அம்முயற்சி தோல்வியுற்றதால் கையிலிருந்த பொருளையெல்லாம் இழந்து, ஏழைகள் தங்கும் மலிவான பொது விடுதியில் சில காலம் வாழ நேர்ந்தது. பின்னாளில் நிலக்கரி வணிகத்திலேயே மீண்டும் முன்னேறிச் செல்வம் ஈட்டினாலும், அந்நாட்களில் தம்முடன் தங்கியிருந்த உழைப்பாளிகளின் துன்பத்தை இவர் மறக்கவில்லை.

சவப்பெட்டிக் கப்பல்கள்

19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பல, பழுதுற்ற நிலையிலும் அளவுக்கு மீறிய பளுவுடனும் கடலுக்கு அனுப்பப்பட்டன. கப்பலின் உண்மை மதிப்பைவிடக் கூடுதலான தொகைக்குக் காப்பீடு செய்ய முடிந்ததால், கப்பல் மூழ்கினாலும் உரிமையாளருக்கு இழப்பு ஏற்படுவதில்லை. சிலருக்கு இலாபமும் கிடைத்தது. உயிரிழந்தவர்கள் மாலுமிகளே. இத்தகைய கப்பல்களை மக்கள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அழைத்தனர். பணிபுரிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட மாலுமி, கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சி ஏற மறுத்தால் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

சரக்கின் அளவுக்கு எல்லை வகுக்கும் எண்ணம் புதியதன்று. இடைக்கால வெனிசு நகரக் கப்பல்களில் இத்தகைய குறிகள் இருந்தன. நியூகாசில் பகுதியின் கப்பல் உரிமையாளரான ஜேம்ஸ் ஹால் என்பவர் பிளிம்சாலுக்கு முன்பே சீர்திருத்தம் வேண்டி எழுதியும் பேசியும் வந்தார். அவ்வெண்ணத்தைப் பொதுமக்களின் கோரிக்கையாக மாற்றியதே பிளிம்சாலின் பங்களிப்பு எனலாம்.

நாடாளுமன்றத்தில்

1867 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை அளித்தது. அதன் பின் 1868 இல் நடந்த பொதுத் தேர்தலில், டார்பி தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் சார்பில் பிளிம்சால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் கொண்டு வந்த தொடக்க முயற்சிகள் வெற்றி பெறவில்லை. கப்பல் உரிமையாளர் பலர் அவையின் உறுப்பினராக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

எனவே அவைக்கு வெளியே இருந்த மக்களிடம் முறையிட இவர் முடிவு செய்தார். 1873 இல் நமது மாலுமிகள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். நாடெங்கும் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய இந்நூலில், சரிபார்க்கப்படாத சில செய்திகளும் இடம்பெற்றிருந்தன. இதனால் கப்பல் உரிமையாளர்கள் இவர் மீது அவதூறு வழக்குகள் தொடர்ந்தனர். எனினும் அதே ஆண்டில் சாமர்செட் பிரபுவின் தலைமையில் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கட்டாயச் சுமைக் கோட்டை இக்குழு பரிந்துரைக்கவில்லை. 1874 இல் பிளிம்சால் கொண்டு வந்த சட்ட முன்வரைவு 3 வாக்குகள் வேறுபாட்டில் தோல்வியுற்றது.

1875 ஆம் ஆண்டு நிகழ்வு

1875 இல் பெஞ்சமின் டிஸ்ரேலியின் அரசு தானே ஒரு கப்பல் சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தது. ஆனால் ஜூலை 22 அன்று அது கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கூட்டத்தொடர் முடிந்துவிட்டால் அடுத்த குளிர்காலப் புயல்களில் மேலும் பலர் மடிவர் என்பதை அறிந்திருந்த பிளிம்சால் அவையிலேயே கொதித்தெழுந்தார். உறுப்பினர்களுள் சிலரைக் கொடியவர்கள் எனச் சாடினார். அவையை விட்டு வெளியேறுமாறு ஆணையிடப்பட்டார். ஒரு வாரத்திற்குப் பின் தாம் நடந்துகொண்ட முறைக்கு மன்னிப்புக் கேட்ட இவர், தாம் கூறிய செய்திகளைத் திரும்பப் பெறவில்லை.

இந்நிகழ்வு நாட்டு மக்களின் மனத்தைத் தொட்டது. பல நகரங்களில் பொதுக்கூட்டங்கள் நடைபெற்றன. தொழிற்சங்கங்களும் நாளேடுகளும் ஆதரவு தந்தன. கடலிலேயே காலம் கழித்ததால் மாலுமிகளுள் பெரும்பாலோர் தேர்தலில் வாக்களிக்க இயலாதவர்கள். அவர்களுக்காகக் கப்பலில் கால் வைத்திராத மக்களும் குரல் எழுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. இப்பணிகளில் பிளிம்சாலின் மனைவி எலைசாவும் பெரும்பங்கு ஏற்றார். மக்களின் எதிர்ப்பைக் கண்ட அரசு, அக்கூட்டத்தொடரிலேயே ஒரு தற்காலிகச் சட்டத்தை நிறைவேற்றியது. 1876 இல் நிலையான வணிகக் கப்பல் சட்டம் இயற்றப்பட்டது.

சுமைக் கோடு

1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அயல்நாடுகளுக்குச் செல்லும் பிரித்தானியக் கப்பல்களின் இருபுறமும் 12 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டமும், அதன் நடுவே 18 அங்குல நீளமுள்ள கிடைக்கோடும் வரையப்பட வேண்டும். சரக்கு ஏற்றும்போது கப்பல் நீரில் அமிழும். நீர்மட்டம் கோட்டின் நடுவைத் தாண்டினால் பளு மிகுந்துவிட்டது என்று பொருள். கணக்கேடுகளைப் பார்க்காமலே, துறைமுக மேடையில் நிற்கும் எவரும் இதனைக் கண்ணால் கண்டு அறியலாம்.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. கட்டுப்படுத்தப்பட வேண்டியவரே எல்லையை வகுத்ததால் கோடு வெறும் அடையாளமாகவே நின்றது. கார்டிப் துறைமுகத்தில் ஒரு கப்பல் தலைவர் இதனைக் கேலி செய்து புகைபோக்கியின் மீது கோட்டை வரைந்தார் என்றும் கூறப்படுகிறது. 1890 ஆம் ஆண்டின் சட்டமே, கப்பலின் அளவுக்கும் அமைப்புக்கும் ஏற்பக் கணக்கிடப்பட்ட அட்டவணைகளின்படி கோட்டின் இடத்தை நிர்ணயித்தது. முதல் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 14 ஆண்டுகள் கடந்தன.

பிற்காலம்

1880 தேர்தலில் மீண்டும் வெற்றி பெற்ற பிளிம்சால், உள்துறை அமைச்சரான வில்லியம் ஹார்கோர்ட்டுக்காகத் தமது தொகுதியை விட்டுக்கொடுத்தார். 1885 இல் செபீல்டு நகரில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். எலைசா 1882 இல் காலமானார். அதன் பின் ஹாரியட் வேட் என்பவரை இவர் மணந்தார். மாலுமிகள் மற்றும் தீயூட்டுநர் சங்கத்தின் தலைவராகவும் சில காலம் இருந்தார். 1890 இல் கால்நடைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் நிகழ்ந்த கொடுமைகளைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். 1898 இல் போக்ஸ்டன் நகரில் மறைந்தார்.

தாக்கம்

1906 ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களையும் சுமைக் கோட்டு விதிக்கு உட்படுத்தியது. அதே காலத்தில் பிரித்தானியக் கப்பல்கள் முன்னைவிடக் கூடுதலான சரக்கு ஏற்றும் வகையில் விதிகள் தளர்த்தப்பட்டமை கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. 1930 இல் இலண்டனில் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1966 இல் உருவான புதிய உடன்படிக்கை 1968 இல் நடைமுறைக்கு வந்தது. கடலின் வெப்பம், பருவம், நீரின் உப்புத்தன்மை ஆகியவற்றிற்கேற்பக் கப்பலின் மிதப்பும் அதற்கு நேரும் ஆபத்தும் மாறுவதால், இக்காலக் கப்பல்களில் கோடைக்காலம், குளிர்காலம், வெப்பமண்டலம், நன்னீர் எனத் தனித்தனிக் கோடுகள் உள்ளன.

1873 இல் அபர்டீனில் கட்டப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோரை ஏற்றிச் சென்ற ஒரு பாய்மரக் கப்பலுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. ரப்பர் பட்டை ஒட்டிய ஒருவகைத் துணிக் காலணியும் பிரித்தானியாவில் பிளிம்சால் என்றே வழங்கப்படுகிறது. காலணியின் பட்டை கப்பலின் கோட்டை நினைவூட்டியதே இப்பெயருக்குக் காரணம் என்பர். 1929 இல் மாலுமிகளின் தேசிய சங்கம் இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது.