பந்தயக் கார் பித்தர் செய்த புகைப் பெட்டி

காரின் வயிற்றுக்கடியில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, இன்னொரு சைலன்சர் போலவே ஒரு உருப்படி தொங்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று பெயர். எஞ்சின் கக்கும் நச்சுப் புகையைச் சுத்தம் செய்வது அதன் வேலை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்கள் பலருக்கு அதைக் கண்டாலே ஆகாது. வண்டி கைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேர்க் குழாய் மாட்டச் சொல்வார்கள். வேகம் என்றால் என்னவென்றே தெரியாத யாரோ ஒரு சர்க்கார் அதிகாரி செய்த வேலை இது என்பது அவர்கள் நினைப்பு. உண்மையில் இதைச் செய்தவர் கார்ப் பந்தயத்தில் பித்தாக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். யூஜின் ஹூட்ரி என்பது அவர் பெயர்.

பாரிஸ் நகரை அடுத்த டொமோன் என்ற ஊரில் 1892-ல் பிறந்தார். தகப்பனார் இரும்புத் தொழில் நடத்தியவர். எஞ்சினீயரிங் படிப்பில் பையன் 1911-ல் முதலாவதாகத் தேறித் தங்கப் பதக்கம் பெற்றார். முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் சேர்ந்து, 1917-ல் பலத்த காயம் பட்டு, வீரப் பதக்கத்தோடு திரும்பினார்.

யுத்தம் முடிந்த பிறகு கார்ப் பந்தயம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1922-ல் அமெரிக்கா சென்று, டெட்ராய்ட்டில் ஃபோர்டு தொழிற்சாலையையும், இண்டியானாபொலிஸில் புகழ்பெற்ற 500 மைல் பந்தயத்தையும் பார்த்தார். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்ரோல் மட்டமாக இருந்தால் வண்டி ஓடாது என்பது அவர் மனதில் உறுதிப்பட்டது. அதிலிருந்து நல்ல பெட்ரோலைத் தேடுவதே அவருடைய வாழ்க்கை ஆயிற்று.

தேடியது கிரியா ஊக்கிகளின் வழியாக. தான் செலவழியாமல் மற்றப் பொருள்களின் ரசாயன மாற்றத்தை விரைவுபடுத்துவது கிரியா ஊக்கி. கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சம்பந்தம் முடிந்ததும் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். முதலில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கப் பார்த்தார். அதற்காக 1929-ல் நாளொன்றுக்கு 60 டன் நிலக்கரி தின்னும் ஆலையே எழுந்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. பிரெஞ்சு சர்க்கார் கைவிட, ஆலை மூடப்பட்டது.

இதற்கிடையே அவர் கனமான கச்சா எண்ணெய் பக்கமும் திரும்பியிருந்தார். ஒருவகைக் களிமண்ணின் மேல் எண்ணெய் ஆவியைச் செலுத்தினால் அது உடைந்து உயர்ரக பெட்ரோல் ஆயிற்று. சங்கடம் என்னவென்றால், சில நிமிடங்களிலேயே மண்ணின் மேல் கரி படிந்து வேலை நின்றுவிடும். மண்ணைத் தூக்கி எறியாமல், காற்றைச் செலுத்திக் கரியை எரித்துவிட்டு அதே மண்ணை மறுபடியும் பயன்படுத்தினார் ஹூட்ரி. அவருடைய சாமர்த்தியமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கிடைத்த பெட்ரோலைத் தம் புகாட்டி பந்தயக் காரில் ஊற்றி ஓட்டியும் பார்த்தார்.

1930-ல் ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி அழைக்க, கடல் கடந்தார். 1937-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் சன் ஆயில் கம்பெனியின் பெரிய ஆலை அவர் முறையில் ஓடத் தொடங்கியது. இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது நேச நாடுகளின் போர் விமானங்களுக்கு வேண்டிய 100 ஆக்டேன் பெட்ரோல் தயாரிக்க இம்முறை பெரிதும் கைகொடுத்தது. அவரோ தாய்நாட்டுக்காக அமெரிக்காவில் ஆதரவு திரட்டினார். ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு அதற்காக அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1942-ல் அமெரிக்கப் பிரஜையானார்.

ஐம்பது வயதைத் தாண்டி, பணமும் பெயரும் சேர்ந்த பிறகு, பெட்ரோலை ஊருக்கெல்லாம் கொடுத்தவர் அதன் புகையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அப்போது புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வண்டிப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் கருதினார். ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்ற கம்பெனியைத் தொடங்கி, பீங்கான் கம்பிகளின் மேல் அலுமினாவும் பிளாட்டினமும் பூசி, புகையை அதன் ஊடே செலுத்தினார். நிறமும் வாசனையும் இல்லாமல் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு, அங்கே கரியமில வாயுவாக எரிந்து போயிற்று. 1956-ல் இதற்கான காப்புரிமை கிடைத்தது.

முதலில் இதனால் பிழைத்தவர்கள் கார் முதலாளிகள் அல்ல. மூடிய கிடங்குகளில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் சுரங்க எந்திரங்களிலும்தான் இந்தக் கருவி மாட்டப்பட்டது. சாலைக் கார்களில் மாட்ட முடியாதபடி குறுக்கே நின்றது காரீயம். எஞ்சின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலப்பது அன்றைய வழக்கம். அந்தக் காரீயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். கரியை எரித்த ஹூட்ரியால் காரீயத்தை எரிக்க முடியவில்லை. 1962-ல் எழுபதாவது வயதில் காலமானார்.

1970-ல் அமெரிக்கா கடுமையான காற்றுத் தூய்மைச் சட்டம் கொண்டுவந்தது. காரீயமற்ற பெட்ரோலும் வந்தது. 1975 மாடல் கார்களில், மற்றவர்கள் மேலும் திருத்திய உருவில், கன்வர்ட்டர் ஏறியது. நம் நாட்டில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-ல் கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியோடு காரீயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது.

ஸ்போர்ட்ஸ் கார் அன்பர்களின் கோபத்துக்குக் காரணம் 1975-ம் வருஷக் கணக்குத்தான். செவர்லே கார்வெட் காரின் சாதாரண எஞ்சின் 1970-ல் 300 குதிரைத்திறன்; 1975-ல் 165. பழி முழுவதும் புதிதாக வந்த பெட்டியின் தலையில் விழுந்தது. ஆனால் கம்பெனி 1971-லேயே, காரீயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்துவிட்டது. 1972-ல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. அதற்கு முன் சைலன்சர், விசிறி போன்றவை இல்லாமல் வெறும் எஞ்சினை அளந்து பெரிய எண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு புகைக் குழாய்களையும் ஒரே பெட்டியில் இணைத்ததால் கொஞ்சம் திறன் போனது உண்மைதான். அந்தக் கொஞ்சத்துக்காகப் பெட்டியைக் கழற்றியவர்கள் ஏராளம். ஒர்க்‌ஷாப்புகளும் அதைக் கழற்றக் கூடாது என்று 1977-ல் அமெரிக்கச் சட்டம் தடுத்தது. இன்று பழைய கார்ப் போட்டிகளில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி உருப்படிகள் இருந்தால்தான் முழு மதிப்பெண். கழற்றி எறிந்தவர்கள் இப்போது பழைய சாமான் கடைகளில் அதே பெட்டியைத் தேடுகிறார்கள்.