எலும்புக்கு உரம் தேடிய மெல்லன்பி

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றி அபிஷேகப்பாக்கத்தில் பிறந்த நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில், உடம்பெல்லாம் வலிக்கிறதென்று மருத்துவரிடம் சென்று திரும்பிய என் அத்தையின் கையில் வைட்டமின் 'டி' மாத்திரையைக் கண்டு வியந்தேன். வெயில் பட்டால் உடம்பு தானே செய்துகொள்ளும் சத்து அது என்றல்லவா படித்திருக்கிறோம்? அதற்குமா நம் ஊரில் பஞ்சம்? விடை தேடப் போய்த்தான் சர் எட்வர்டு மெல்லன்பியின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

இவர் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்தவர். மகனோ கேம்பிரிட்ஜில் உடலியல் பயின்று, பின் லண்டனில் மருத்துவமும் கற்றார். 1913-இல் லண்டனில் பெண்களுக்கான கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். மறு ஆண்டு மே ட்வீடி என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையாரும் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்றவர். ஆனால் அக்காலத்தில் அங்கே பெண்கள் தேர்வு எழுதித் தேறினாலும் பட்டம் தரமாட்டார்கள்! பட்டம் இல்லாவிட்டால் என்ன, பற்களின் வளர்ச்சியைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிகள் கணவரின் ஆராய்ச்சிகளுக்கு இணையாக மதிக்கப்பட்டன.

அந்நாளில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகளை வாட்டியது ரிக்கெட்ஸ் என்னும் நோய். எலும்பு உறுதிப்படாமல் கால்கள் வில்லைப் போல் வளைந்துவிடும். இந்நோய் கண்ட பெண் குழந்தைகளுக்கு இடுப்பெலும்பும் கோணிக்கொள்வதுண்டு. அவர்கள் பின்னாளில் தாயாகும்போது உயிருக்கே ஆபத்து நேரும். இதன் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு 1914-இல் மெல்லன்பியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் நாய்க்குட்டிகளை வளர்த்து, ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி போன்ற ஏழைகளின் உணவையே கொடுத்து வந்தார். குட்டிகளுக்குக் கால் வளைந்தது. காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொடுத்ததும் குணமாயிற்று. அந்த எண்ணெயில் எலும்பைக் காக்கும் ஏதோ ஒரு சத்து உண்டு என்று 1919-இல் அவர் வெளியிட்டார். அது வைட்டமின் 'ஏ' ஆக இருக்கலாம் என்றே எண்ணினார். அது வேறொரு சத்து என்று அமெரிக்காவில் மெக்கல்லம் 1922-இல் காட்டி, வைட்டமின் 'டி' என்று பெயரிட்டார்.

ஆனால் தோழியரே, மெல்லன்பியின் கண்ணுக்கு ஒன்று தப்பிவிட்டது. அந்தக் குட்டிகள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்தவை! வெயிலில் ஓடித் திரிந்திருந்தால் கஞ்சி மட்டும் குடித்தும் அவற்றுக்கு நோய் வராமல் போயிருக்கலாம். அதே 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர் ஒரு குழந்தையின் ஒரு கைக்கு மட்டும் புற ஊதாக் கதிரைக் காட்டினார். இரண்டு கைகளின் எலும்புகளும் தேறின. சில ஆண்டுகளில் ஹாரியட் சிக் என்னும் பெண் விஞ்ஞானி, மீன் எண்ணெய், வெயில் இரண்டில் எதுவும் இந்நோயைத் தீர்க்கும் என்று வியன்னாவில் நிரூபித்தார். பெரியவர்கள் கண்ணுக்கும் சில தப்பும் என்பதில் எனக்கொரு ஆறுதல்.

மெல்லன்பி அத்துடன் நிற்கவில்லை. ஓட்ஸ் ஏன் அத்தனை கெடுதல் செய்தது என்று பல ஆண்டுகள் துருவினார். தானியங்களின் மேல்தோலில் உள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்று கண்டார். (மாவைப் புளிக்க வைத்தால் இவ்வமிலம் குறையும். இட்லியை அலுத்துக்கொள்வோர் கவனிக்க!) 1933 முதல் 1949 வரை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராக விளங்கினார். ஓய்வு பெற்ற பின் நம் நாட்டுக்கு வந்து, லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். கோமதி ஆற்றங்கரையிலுள்ள பழைய அரண்மனையில் அதனைப் பிரதமர் நேரு 1951 பிப்ரவரியில் திறந்து வைத்தார். தாயகம் திரும்பிய மெல்லன்பி 1955 ஜனவரி 30-ஆம் நாள் லண்டனில் காலமானார். மே அம்மையார் 1978 வரை வாழ்ந்தார்.

அவர் வந்து போன இந்த வெயில் நாட்டில், நலமாக இருப்பவர்களிடமும் இச்சத்து குறைவாக இருப்பதை டில்லி மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்டனர். பின்னர் திருப்பதிப் பகுதியில் ஆராய்ந்தபோது, கிராமத்தாரிடமும் இக்குறை இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். காரணம் கேட்டால் நம் வீடே நினைவுக்கு வரும். இச்சத்தை உண்டாக்கும் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டாது. காலை இளவெயிலில் மிகக் குறைவு. உச்சிவேளையை ஒட்டியே மிகுதி. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் சற்று நேரம் பட வேண்டும். நாமோ அந்த வேளையில்தான் நிழலுக்குள் ஒதுங்குகிறோம். நடவுக்குப் போகும் பெண்களும் புடவைமேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள்.

என் அத்தை விடியுமுன் அடுப்படியில் நுழைபவர். பொழுது சாய்ந்த பிறகே தெருத் திண்ணைக்கு வருவார். மெல்லன்பியின் நாய்க்குட்டிகளைப் பற்றி நான் சொன்னதும், என்னை நாயோடு சேர்க்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். ஆனால் இப்போதெல்லாம் வற்றல் காயவைக்கும் வேலையைப் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்கிறார். மாத்திரையையும் விடவில்லை.