கால் ரத்தக் குழாயை இதயத்துக்குக் கொண்டுவந்தவர்: யார் இந்த ரெனே ஃபவலோரோ?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனால், கால்ல இருந்து நரம்பு எடுத்து நெஞ்சுல வெச்சிருக்காங்க என்பார்கள். பேச்சு வழக்கில் நரம்பு என்றாலும் அது சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அதை இதய அடைப்புக்கு மாற்றுப் பாதையாக்கி, உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சையாக மாறக் காரணமானவர் அர்ஜென்டினாவின் ரெனே ஃபவலோரோ.

கிராமத்து டாக்டர்

1923-ல் லா பிளாட்டா நகரில் பிறந்தார். அப்பா தச்சர், அம்மா தையல் வேலை செய்தவர். 1949-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். நகர மருத்துவமனையில் வேலை கிடைக்கும் நேரத்தில், ஆளும் பெரோன் கட்சிக்கு ஆதரவு தெரிவித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஃபவலோரோ போடவில்லை. வேலையும் போச்சு.

1950-ல், உடம்பு சரியில்லாத ஒரு டாக்டருக்குப் பதிலாகச் சில மாதம் பார்த்துக்கொள்வதற்காக ஹசிந்தோ அராவுஸ் என்ற சிற்றூருக்குப் போனார். தங்கியது 12 ஆண்டுகள். பிறகு தம்பியும் டாக்டராக வந்து சேர்ந்துகொண்டார். ரத்த வங்கி இல்லாத ஊர் அது. அதனால் ஊர்க்காரர்களின் ரத்த வகையைக் குறித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஆளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். பிரசவம் பார்க்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

1962-ல், 40 வயதை நெருங்கும்போது, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்குக்குப் புறப்பட்டார். அங்கேதான் 1958-ல் மேசன் சோன்ஸ் இதயத் தமனிகளுக்குள் நேராக மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமைத் தொடங்கியிருந்தார். வேலை முடிந்த பிறகும் அந்தப் படச்சுருள்களை ஃபவலோரோ மணிக்கணக்கில் போட்டுப் பார்ப்பார். அடைப்பு எங்கே, அதைத் தாண்டிக் குழாய் நன்றாக இருக்கிறதா என்பது அதில் தெரிந்தது.

1967 மே 9

வலது இதயத் தமனி முழுதாக அடைபட்ட 51 வயதுப் பெண்ணுக்கு அன்று அறுவை சிகிச்சை. காலில் இருந்து எடுத்த சிரையை வைத்து ரத்த ஓட்டத்தை மீட்டார் ஃபவலோரோ. பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. முதலில் அடைபட்ட துண்டை நீக்கி அந்த இடத்தில் சிரையைத் தைத்தார்கள். விரைவிலேயே, மகாதமனியில் ஒரு முனை, அடைப்புக்குக் கீழே மறுமுனை என்று இன்றைய பைபாஸ் முறை வந்தது. சிரைக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. ரத்தம் தடைபடாமல் ஓட, அதைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும்.

அவர்தான் முதல் ஆளா? இல்லை. 1962-ல் டேவிட் சபிஸ்டன் கால் சிரையை வைத்து முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. 1964-ல் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில் வசிலி கோலெசோவ் மார்புத் தமனியை இதயத் தமனியோடு இணைத்தார். ஒருமுறை நடந்ததை யாரும் திரும்பச் செய்யக்கூடிய முறையாக வகுத்து, முடிவுகளை வெளியிட்டு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் ஃபவலோரோவின் பங்கு. பைபாஸின் தந்தை என்ற பட்டத்தை அவர் விரும்பவில்லை. அது ஒரு குழுவின் வேலை என்றே சொல்லிவந்தார்.

சிரை எவ்வளவு காலம் தாங்கும்?

சிக்கல் இங்கேதான். சிரை என்பது குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய். திடீரென்று அதைத் தமனியின் அழுத்தத்தில் மாட்டிவிட்டால் சும்மா இருக்குமா? முதல் மாதத்தில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். அடுத்த மாதங்களில் உட்சுவர் தடிக்கும். சில ஆண்டுகள் போனால் கொழுப்பு படியும். 10 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைபடும் அல்லது மோசமாகச் சுருங்கிவிடும் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு.

மார்புத் தமனி கதையே வேறு. பிறவியிலேயே அது தமனி. உட்சுவரில் கொழுப்பு அவ்வளவாகப் படியாது. இதயத்தின் முன்பக்கத் தமனியில் இணைத்தால், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். அப்படி இணைக்கப்பட்டவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று 1986-ல் காட்டியதும் அதே கிளீவ்லேண்ட் கிளினிக்தான்.

அப்படின்னா சிரை வீணா? இல்லை. ஒரே நோயாளிக்கு மூன்று, நான்கு இடத்தில் அடைப்பு இருக்கலாம். அதனால் முக்கியமான முன்பக்கத் தமனிக்கு மார்புத் தமனி, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் கால் சிரை என்பதே இன்றும் நடைமுறை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், புகையை அடியோடு விடுவது எல்லாம் அந்தக் குழாயைக் காப்பாற்றத்தான். ஆபரேஷன் முடிஞ்சாச்சே என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசி நாட்கள்

அமெரிக்காவில் பேரும் பணமும் காத்திருந்தும், 1971-ல் ஃபவலோரோ நாடு திரும்பினார். 1975-ல் அறக்கட்டளை தொடங்கி, சிகிச்சையோடு ஆய்வும் பயிற்சியும் தந்தார். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவர் கொள்கை. 2000-ம் ஆண்டு பொருளாதாரச் சரிவில், பொதுக் காப்பீட்டு அமைப்புகள் தரவேண்டிய தொகை வராமல் அறக்கட்டளை கடனில் மூழ்கியது. அதிபர் வரை உதவி கேட்டு எழுதினார். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று, 77-வது வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நாடே அதிர்ந்தது. உயிரோடு இருந்தபோது கேட்ட உதவி ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வி அர்ஜென்டினாவில் நெடுநாள் ஒலித்தது. பியூனஸ் அயர்ஸில் அவர் தொடங்கிய மருத்துவமனை மூடப்படவில்லை. அங்கே இன்றும் இதய அறுவை சிகிச்சை நடக்கிறது.